பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை எடை கூடியதா, பால் குடிக்கிறதா, ராத்திரி தூங்கியதா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். பெற்றவளின் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. அவளாகவும் சொல்வதில்லை. மருத்துவத்தால் நன்றாகக் குணமாகும் இந்த நோய் மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடப்பதற்கு இதுவே முதல் காரணம். தாய்மார்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் பொதுவாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

குழந்தை பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது. சும்மா சும்மா அழுகை வருகிறது. இது மனச்சோர்வா?

பெரும்பாலும் இல்லை. பிரசவமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது வரும். மருத்துவர்கள் இதை ‘பேபி ப்ளூஸ்’ என்பார்கள். இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கும். நான்கு, ஐந்தாம் நாளில் அதிகமாக இருக்கும். இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களின் அளவு ஓரிரு நாளில் மளமளவென்று இறங்குகிறது. மார்பில் பால் கட்டுவது, தையல் வலி, தூக்கம் கெடுவது எல்லாம் அதே நாட்களில்தான் சேர்ந்து வருகின்றன. இந்த அழுகைக்கு ஒரு குணம் உண்டு: அழுத கையோடு சிரிக்கவும் முடியும், குழந்தையைப் பார்த்தால் மனம் கொஞ்சம் லேசாகும்.

பிரசவ தேதியிலிருந்து 14ஆம் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த நாளைத் தாண்டியும் நிலைமை மாறவில்லை என்றாலோ, நாளுக்கு நாள் மோசமானாலோ மருத்துவரைப் பாருங்கள். ஆனால் சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் 14 நாள் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். தூக்கமே இல்லாமல் பேச்சு தடுமாறினாலும் அப்படித்தான். அன்றே போக வேண்டும்.

மனச்சோர்வு என்று எப்படி அடையாளம் காண்பது? எல்லாத் தாய்க்கும் தூக்கமில்லை, களைப்பு, பசியில்லை என்பது சகஜம்தானே?

சகஜம்தான். அதனால்தான் வீட்டார் மட்டுமல்ல, சில நேரம் மருத்துவர்களும் இதைத் தவறவிடுகிறார்கள். பொது விதி இது: நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரமாவது மனம் வாடிக் கிடப்பது, அல்லது எதிலும் பிடிப்பில்லாமல் போவது. இந்த இரண்டில் ஒன்று கண்டிப்பாக இருக்கும். அதோடு தூக்கம், பசி, உடல்வலு, கவனம், தன்மதிப்பு ஆகியவற்றில் மாற்றங்கள், குற்ற உணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு என்று சில சேர்ந்திருக்கும்.

களைப்பையும் நோயையும் பிரித்துப் பார்க்க எளிய வழி, ராத்திரி மூன்று மணிக்கு அவள் என்ன செய்கிறாள் என்று கவனிப்பது. குழந்தை தூங்குகிறது, பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இருக்கிறது, உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கிறது; அப்படியும் கண்ணை விரித்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்றால் அது வெறும் களைப்பு அல்ல. களைத்த தாய் இடம் கிடைத்தால் தூங்கிவிடுவாள், எழுந்ததும் முகம் தெளியும். மனச்சோர்வில் இருப்பவளுக்குத் தூக்கம் வராது, வந்தாலும் தெளிவு இருக்காது.

இன்னும் சில அடையாளங்கள் சோகம்போலவே தெரியாது. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது. குழந்தை மூச்சு விடுகிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து பார்ப்பது. எதுவுமே உறைக்காமல் மரத்துப்போனது. “நான் நல்ல அம்மா இல்லை”, “இந்தக் குழந்தை வேறு யாரிடமாவது பிறந்திருக்கலாம்” என்ற பேச்சு. வேலையெல்லாம் ஒழுங்காகச் செய்து, வந்தவர்களிடம் சிரித்துப் பேசிவிட்டுக் குளியலறையில் போய் அழுபவர்களும் உண்டு. வீடு சுத்தமாக இருக்கிறது, குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது என்பதை வைத்துத் தாய் நன்றாக இருக்கிறாள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

எத்தனை பேருக்கு வருகிறது? எப்போது தொடங்கும்?

ஏறக்குறைய ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கு வருகிறது. பிரசவமான முதல் மூன்று மாதங்களில் தொடங்குவது அதிகம். ஆனால் ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். கர்ப்பத்திலேயே தொடங்கி, பிரசவத்துக்குப் பிறகே வெளியே தெரிபவர்களும் கணிசம். “ஆறு மாதம் ஆகிவிட்டது, இனி அதெல்லாம் வராது” என்பது தவறு.

ஏன் எனக்கு வந்தது?

ஒரே காரணம் என்று கிடையாது. ஹார்மோன் இறக்கம் எல்லாத் தாய்க்கும் பொதுவானது. சிலருடைய மூளை அந்த மாற்றத்துக்கு அதிகமாக அசைந்துகொடுக்கிறது. முன்பு எப்போதாவது மனச்சோர்வோ கடும் பதற்றமோ வந்திருந்தால் வாய்ப்பு அதிகம். கர்ப்பத்தில் வந்து சிகிச்சை பெறாமல் விட்டிருந்தால் இன்னும் அதிகம். குடும்பத்தில் யாருக்காவது இருந்தது, கைகொடுக்க ஆள் இல்லாதது, கணவருடன் ஓயாத பிணக்கு, வீட்டில் அடி உதை, பணக் கஷ்டம், பிரசவத்தில் உயிர் போய் வந்த அனுபவம், குறைமாதக் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பது, முன்பு ஒரு குழந்தையை இழந்தது ஆகியவையும் வழி திறந்துவிடும். இவை எதுவுமே இல்லாதவர்களுக்கும் வரும். மன உறுதி குறைவதாலோ, குழந்தை மீது பாசம் இல்லாததாலோ வருவதில்லை. கருச்சிதைவுக்குப் பிறகும் வரலாம்; குழந்தையைத் தத்தெடுத்தவர்களுக்கும் மனச்சோர்வு வருவதுண்டு.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். எடின்பரோ அளவுகோல் என்று ஒரு கேள்வித்தாள் 1987 முதல் புழக்கத்தில் இருக்கிறது. மொத்தம் 10 கேள்விகள். கடந்த 7 நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. ஐந்து நிமிட வேலை.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை கூட்டலில்தான். 1, 2, 4ஆம் கேள்விகளுக்கு மேலிருந்து கீழாக 0, 1, 2, 3 என்று மதிப்பெண் போட வேண்டும். மற்ற ஏழுக்கும் தலைகீழ்: மேலே இருப்பதற்கு 3, கடைசிக்கு 0. எல்லாவற்றையும் ஒரே திசையில் கூட்டினால் முடிவு முற்றிலும் பொய்யாகிவிடும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும். 13ஐத் தொட்டால் மனச்சோர்வு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 10ஆவது கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ஒன்றில் 0 தவிர வேறு எது வந்தாலும் அன்றே கவனிக்க வேண்டும்.

தாய் தனியாக இருந்து நிரப்பட்டும். பக்கத்தில் கணவரோ மாமியாரோ உட்கார்ந்திருந்தால் பதில் மாறிவிடும். இந்தத் தாள் நோயை உறுதி செய்வதில்லை, யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான். மதிப்பெண் 8தான், ஆனால் மனம் சரியில்லை என்றால் மனம் சொல்வதைக் கேளுங்கள்; இரண்டு வாரம் கழித்து மறுபடி நிரப்புங்கள்.

மருத்துவரிடம் போனால் என்ன பரிசோதனை செய்வார்கள்?

மனச்சோர்வைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஆனால் மனச்சோர்வுபோலவே தோன்றும் உடல்கோளாறுகளை விலக்கிவிட வேண்டும். ரத்தசோகைக்கு ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், தேவைப்பட்டால் வைட்டமின் பி12. எழுதித் தரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

தைராய்டைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி வரும். முதல் சில மாதங்களில் ஹார்மோன் அதிகமாகக் கசிந்து படபடப்பு, தூக்கமின்மை, எடை இறக்கம் என்று காட்டும். நான்கு முதல் எட்டு மாதத்தில் ஹார்மோன் குறைந்து, சோர்வு, மலச்சிக்கல், மந்தம் என்று மாறும். இந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவில் ரத்தம் எடுத்தால் அளவு சரியாகவே இருக்கும். அதனால் ஒரு தடவை சரி என்று வந்தாலும், அறிகுறி தொடர்ந்தால் ஆறு, எட்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது.

சாப்பிடும் மருந்துகளையும் சொல்லுங்கள். வாந்திக்கும் பால் சுரக்கவும் சிலருக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு மாத்திரையின் பக்கவிளைவுகளில் மனச்சோர்வும் ஒன்று. கருத்தடை மாத்திரையோ ஊசியோ தொடங்கிய பிறகு மனநிலை மாறியிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

எந்த மருத்துவரைப் பார்ப்பது? என்ன சொல்வது?

பிரசவம் பார்த்த மருத்துவர், குடும்ப மருத்துவர், குழந்தையின் தடுப்பூசிக்குப் போகும் மருத்துவர் என்று யாரிடமும் தொடங்கலாம். மிதமானதை அவர்களே பார்ப்பார்கள். கடுமையாக இருந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். கிடைக்கும் சில நிமிடங்களில் குழந்தையைப் பற்றியே பேசி நேரம் ஓடிவிடும். ஆகவே துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தத் தேதியில் தொடங்கியது, ராத்திரி எத்தனை மணி நேரம் தூக்கம், எதைச் செய்ய முடியவில்லை, சாவு நினைப்பு உண்டா, முன்பு எப்போதாவது மனநோய்க்கு மருந்து சாப்பிட்டதுண்டா.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். தூக்கமே தேவைப்படாமல் பல நாள் அளவுகடந்த உற்சாகத்தில், ஓயாத பேச்சும் தாறுமாறான செலவுமாக எப்போதாவது இருந்ததுண்டா? உங்களுக்கோ நெருங்கிய ரத்த உறவுக்கோ அப்படி இருந்திருந்தால் இது, மனச்சோர்வும் அளவுகடந்த உற்சாகமும் மாறி மாறி வரும் இருதுருவ நோயாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நிலைமை மறுபக்கம் திரும்பி மோசமாகும்.

குழந்தையை நானே ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயங்கரமான எண்ணங்கள் வருகின்றன. நான் பைத்தியமாகிறேனா?

குளிப்பாட்டும்போது தண்ணீரில் நழுவவிட்டுவிடுவேனோ, மாடியிலிருந்து போட்டுவிடுவேனோ, கத்தி கையில் இருக்கும்போது ஏதாவது நடந்துவிடுமோ. இப்படி அழையாமல் வந்து நுழையும் எண்ணங்கள் புதிய தாய்மார்களில் மிகப் பலருக்கு வருகின்றன. வெளியே சொல்பவர்கள் குறைவு என்பதால் தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருத்தியும் நினைக்கிறாள். அந்த எண்ணம் உங்களை நடுங்க வைக்கிறது, அது நடக்கக் கூடாது என்று நீங்கள் தவிக்கிறீர்கள் என்றால், அதை விருப்பம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பதற்றத்தின் வேலை.

இங்கே நடக்கும் தவறு, எண்ணத்துக்குப் பயந்து விலகுவது. கத்தியை ஒளித்துவைப்பது, குளிப்பாட்டுவதை நிறுத்துவது, கடைசியில் குழந்தையைத் தொடாமலே இருப்பது. விலக விலகப் பயம் பெருகும். மருத்துவரிடம் அந்த எண்ணத்தை உள்ளபடி சொல்லுங்கள். இதற்கென்றே பேச்சு சிகிச்சையும் மருந்தும் இருக்கின்றன.

அப்படியானால் எது உண்மையில் ஆபத்து?

பிரசவத்துக்குப் பிந்தைய சைக்கோசிஸ் என்ற மனப்பிறழ்வு. ஆயிரம் பிரசவத்தில் ஓரிருவருக்குத்தான் வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், சில நேரம் இரண்டே நாளில் தலைகீழாக மாறும். தூங்காமல் பரபரவென்று திரிவது, குழப்பம், யாரோ பேசுவதாகக் காதில் விழுவது, குழந்தைக்குள் தீய சக்தி இருக்கிறது, யாரோ மாற்றிவிட்டார்கள் என்று உறுதியாக நம்புவது, கொஞ்ச நேரம் தெளிவாகவும் கொஞ்ச நேரம் பிதற்றலாகவும் இருப்பது. முந்தைய கேள்வியில் சொன்ன தாய் தன் எண்ணத்தைக் கண்டு பயப்படுகிறாள். இவளுக்கோ அந்த எண்ணம் நியாயமாகப் படுகிறது. அந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

இது அவசர நிலை. நாளை காலை வரை காத்திருக்கக் கூடாது. தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தெளிவாகப் பேசும் அரைமணி நேரத்தைப் பார்த்து “சரியாகிவிட்டது” என்று திரும்பி வந்துவிட வேண்டாம். சரியான சிகிச்சையில் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள்.

மாத்திரை இல்லாமல் குணமாகுமா?

லேசான, மிதமான நிலையில் பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். சிந்தனை, நடத்தை சார்ந்த சிபிடி முறையும், உறவுகளை மையமாகக் கொண்ட ஐபிடி முறையும் நன்றாகச் சோதிக்கப்பட்டவை. பொதுவாக வாரம் ஒன்றாக 8 முதல் 16 அமர்வுகள். இரண்டு அமர்வு போய்விட்டு “பேசி என்ன ஆகப்போகிறது” என்று நிறுத்துவதுதான் அதிகம் நடக்கிறது. ஐந்தாறு அமர்வுக்குப் பிறகும் எந்த மாற்றமும் இல்லை என்றால் சிகிச்சையாளரிடமே சொல்லி வழியை மாற்றலாம்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று: தினமும் ஒரு சிறு வேலையை மணி குறித்துச் செய்வது. மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் நடை, பதினோரு மணிக்கு ஒரு தோழிக்கு போன். மனம் வந்தால் செய்வோம் என்று வைத்தால் நடக்கவே நடக்காது; மனம் பிறகுதான் வரும். கடுமையான மனச்சோர்வுக்கு இவை மட்டும் போதாது.

தாய்ப்பால் கொடுக்கும்போது மனச்சோர்வு மாத்திரை சாப்பிடலாமா?

பெரும்பாலும் சாப்பிடலாம். இந்த ஒரு பயத்தாலேயே பலர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள், அல்லது தேவையில்லாமல் பாலை நிறுத்துகிறார்கள். எடைக்கேற்பக் கணக்கிட்டு, பால் வழியாகக் குழந்தைக்குப் போகும் மருந்து தாய் சாப்பிடும் அளவில் 10 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் பொதுவாக ஏற்கத்தக்கது என்பார்கள். செர்ட்ராலின் மாத்திரையில் இது ஓரிரு சதவீதம்தான். அதனால் பல மருத்துவர்கள் முதலில் அதைத்தான் எழுதுகிறார்கள். வழக்கமாக 25 அல்லது 50 மில்லிகிராமில் தொடங்குவார்கள். முன்பு வேறொரு மாத்திரை உங்களுக்குக் கேட்டிருந்தால் அதையே தொடர்வதும் உண்டு. ஃப்ளூவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரை உடலில் நீண்ட நாள் தங்குவதால் பச்சைக்குழந்தைக்குக் கூடுதல் கவனம் தேவை. குழந்தை குறைமாதமாகப் பிறந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிகிறதா, பால் குடிக்க மறுக்கிறதா, எடை ஏறவில்லையா என்று பாருங்கள்.

முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, லேசான படபடப்பு வரலாம். ஓரிரு வாரத்தில் அடங்கும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுப்பலனுக்கு 6 முதல் 8 வாரம் ஆகும். முதலில் பக்கவிளைவு, பிறகே பலன் என்ற இந்த வரிசை தெரியாததால் ஐந்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள்.

தூக்க மாத்திரை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. டயசெபாம் போன்றவை பால் வழியாகச் சேர்ந்து குழந்தையை மந்தமாக்கலாம். தூக்கம் வரவழைக்கும் எதைச் சாப்பிட்டாலும் குழந்தையைத் தாயின் படுக்கையில் படுக்கவைக்கக் கூடாது.

மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

நன்றாக ஆன நாளிலிருந்து குறைந்தது 6 முதல் 12 மாதம். சாப்பிடத் தொடங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டாம். பிறகு மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு வரும், நோயும் திரும்பலாம். இவ்வகை மாத்திரைகளுக்கு அடிமையாகிவிடுவோம் என்ற பயம் வேண்டாம்.

புதிய மருந்துகள் வந்திருக்கின்றனவாமே?

ஜூரனோலோன் என்ற மாத்திரையை அமெரிக்கா 2023இல் அனுமதித்தது. இரவில், கொழுப்புள்ள உணவோடு, 14 நாள் மட்டும் சாப்பிடுவது. சில நாட்களிலேயே பலன் தெரியத் தொடங்கும். தூக்க மயக்கம் அதிகம் என்பதால் சாப்பிட்ட 12 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது. எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்தால் உண்மையில் உதவும்?

முதலில் தூக்கம். ராத்திரியில் இடைவிடாமல் நாலைந்து மணி நேரம் தாய் தூங்க வேண்டும்; துண்டு துண்டாக எட்டு மணி நேரம் அதற்கு ஈடாகாது. உதாரணத்துக்கு ஒரு முறை: ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் வேறு அறையில் படுக்கட்டும், போன் வெளியே இருக்கட்டும். இரண்டு மணிவரை குழந்தை இன்னொருவர் பொறுப்பு. நடுவில் கொடுக்கப் பிழிந்த பால் இருந்தால் நல்லது; சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும். பிழிய முடியவில்லை என்றால் குழந்தையை அவளிடம் கொண்டுவந்து பால் மட்டும் கொடுக்கவைத்து, ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, தூங்கவைப்பது எல்லாவற்றையும் மற்றவர் பார்த்துக்கொள்ளலாம். ஒரு மணி நேர வேலை அவளுக்கு இருபது நிமிடமாகக் குறையும். குழந்தை சிணுங்கியதுமே அவளை எழுப்பினால் இந்த ஏற்பாட்டுக்குப் பொருளே இல்லை.

அடுத்தது பேச்சு. “என்ன வேண்டும் சொல்” என்று கேட்டால் அவளால் யோசிக்கக்கூட முடியாது. “நான் துணி துவைக்கிறேன், நீ குளித்துவிட்டு வா” என்பது உதவும். “நாங்களெல்லாம் பெற்று வளர்க்கவில்லையா”, “குழந்தை முகத்தைப் பார்த்தால் கவலை வருமா” என்ற பேச்சு அவளை இன்னும் பேசாமல் ஆக்கும். மருத்துவரிடம் கூடவே போங்கள், மாத்திரையை ஞாபகப்படுத்துங்கள், ஆனால் தினமும் “இன்றைக்குச் சரியாகிவிட்டதா” என்று விசாரிக்காதீர்கள்.

அவளுக்குத் தாங்க முடியாத கோபம் வரும் நேரத்துக்கும் முன்பே பேசி வையுங்கள்: குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்ப் பத்து நிமிடம் நிற்கலாம். அழும் குழந்தைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. எந்தச் சூழ்நிலையிலும் குழந்தையைக் குலுக்கக் கூடாது; மூளையில் ரத்தம் கசியும்.

“செத்தால் தேவலை” என்கிறாள். கேட்டால் அந்த எண்ணம் வளர்ந்துவிடுமோ?

வளராது. நேரடியாகக் கேட்பதே பாதுகாப்பு. “உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா? எப்படி என்று யோசித்தாயா?” என்று இதே சொற்களில் கேளுங்கள். தூங்கி எழாமலே இருந்துவிட்டால் நல்லது என்பதுகூடக் கவனிக்க வேண்டிய பேச்சுதான். வழி யோசித்திருக்கிறாள், நாள் குறித்திருக்கிறாள், குழந்தையையும் சேர்த்துச் சொல்கிறாள் என்றால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவு, அல்லது உங்கள் பகுதியின் அவசர உதவி எண். அதுவரை ஒரு நிமிடம்கூடத் தனியே விட வேண்டாம். மாத்திரைகள், பூச்சிமருந்து, கூரிய பொருட்களை அப்புறப்படுத்துங்கள். திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள்.

குழந்தை மேல் பாசமே வரவில்லை. என் நோய் குழந்தையைப் பாதிக்குமா?

பாசம் மெதுவாக வருவது மனச்சோர்வில் மிகச் சாதாரணம். நோய் விலக விலக வரும். சிகிச்சையில்லாமல் மாதக்கணக்கில் நீண்டால் குழந்தையின் பேச்சு, மன வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்பது உண்மை. இதைச் சொல்வது குற்ற உணர்வைக் கூட்ட அல்ல, தள்ளிப்போடாமல் இருக்கத்தான். இதற்கிடையில் தினமும் ஐந்து நிமிடம் குழந்தையை வெறும் மார்பில் சாய்த்துக்கொள்வது, துணி மாற்றும்போது முகத்தைப் பார்த்து ஏதாவது பேசுவது போதும். பொய்யாகச் சிரிக்க வேண்டியதில்லை.

அப்பாவுக்கும் வருமா?

வரும், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. தாய் மனச்சோர்வில் இருந்தால் வாய்ப்பு கூடும். எரிச்சல், குடி, வேலையிலேயே மூழ்கிக் கிடப்பது என்று வெளிப்படும். அவரையும் கேளுங்கள்.

அடுத்த குழந்தைக்கும் இது வருமா?

ஒரு தடவை வந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். கட்டாயம் வரும் என்றில்லை. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மனநல மருத்துவரைப் பாருங்கள். தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர் கர்ப்பம் உறுதியானதும் தானாக நிறுத்திவிடக் கூடாது; இருதுருவ நோய்க்கும் வலிப்புக்கும் தரப்படும் வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகளைக் கருத்தரிக்கும் முன்பே மாற்ற வேண்டியிருக்கும், மனச்சோர்வு மாத்திரைகளில் பலவற்றைத் தொடரலாம். முன்பு சைக்கோசிஸ் வந்தவர்களும் இருதுருவ நோய் உள்ளவர்களும் பிரசவத்துக்குப் பின் முதல் இரண்டு வாரத்துக்கான திட்டத்தை எட்டாம் மாதத்துக்குள் எழுத்தில் வைத்திருக்க வேண்டும்: ராத்திரி யார் விழித்திருப்பது, எந்த மருந்து எந்த நாளில் தொடங்குவது, எந்த அறிகுறி தெரிந்தால் யாரைக் கூப்பிடுவது. அதன் ஒரு நகல் பிரசவம் பார்க்கும் மருத்துவரிடமும் இருக்கட்டும்.